பலகை போடாத ஜாக்கி

எங்கள் வீட்டில் ஜாக்கி என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. கூடிப் பேசி முடிவு எடுத்து நிறுத்தவில்லை. என் தம்பியின் இடது கால் போன பிறகு அந்தச் சொல் தானாக நின்றுவிட்டது. வேறு சொல்லாக இருந்தால் அதோடு தொலைந்திருக்கும். இது தொலைகிற சொல் இல்லை. வெளியே கால் வைத்தால் யாராவது ஒருவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஊர்ச் சாவடியில் சீட்டு ஆடுகிறவர்கள் நாள் முழுக்க அதைத்தான் கத்துகிறார்கள். "ஜாக்கிய எறக்குடே, கையில வச்சு அடைகாக்கவா போற?" ராஜாவுக்கும் ராணிக்கும் கீழே நிற்கிற படம் போட்ட சீட்டு. தேர்தல் வந்தால் டீக்கடையில் வேறு ஜாக்கி. சொந்தக் காலில் நிற்க வக்கில்லாத ஒருவனை இன்னொருவன் புகழ்ந்து தூக்கிவிட்டால், "அவனுக்கு இவன் ஜாக்கி போடுதான்" என்பார்கள். கோவில்பட்டி போகிற மினிபஸ்ஸில் பாட்டுக்கு நடுவே ஒரு பெண் மூச்சுவிடாமல் பேசுகிறாள். அவள் ரேடியோ ஜாக்கியாம். குதிரைப் பந்தயத்தில் குதிரை மேல் உட்காருகிறவனும் ஜாக்கி. போன் கடையில் ஹெட்போன் குத்துகிற ஓட்டைக்கு ஜாக் என்று பெயர்.

அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள்தான் இருக்கிறது என்று ஒருநாள் எரிச்சலில் என் மகளிடம் கேட்டேன். அவள் கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கிறாள். போனில் அகராதியைத் திறந்து வாசித்தாள். கப்பலில் கட்டுகிற ஒரு கொடிக்கு அந்தப் பெயராம். ஒரு மீனுக்கு அந்தப் பெயராம். பலாப்பழத்தின் பெயரிலும் பாதி அதுதானாம். ஆண் கழுதைக்கும் அதே சொல்லாம். கழுதை என்ற பொருள் மட்டும் எனக்குப் பொருத்தமாகப் பட்டது. முதலில் அது சாதாரண ஆளின் பெயராக இருந்ததாம். ஏவின வேலையைச் செய்கிறவனை எல்லாம் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். பிறகு ஆள் செய்கிற வேலையைச் செய்கிற சாமான்களுக்கும் அதையே வைத்துவிட்டார்களாம். போதும், மூடு என்றேன். வேலைக்காரன் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. அதைச் செய்தவன் நான்.

நாகலாபுரம் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல். மக்காச்சோளமும் உளுந்தும் போடுவோம். என் தம்பி டிராக்டர் ஓட்டினான். அந்த டிராக்டர் அவன் மனைவியின் அண்ணனுடையது. அவர் நிலம் நீச்சு உள்ளவர், கறாரான ஆள். ஆனால் தங்கை வீட்டு வேலை என்றால் வண்டியை முதலில் எங்களுக்கு அனுப்புவார்.

இரண்டு வருடத்திற்கு முந்தைய மாசி மாதம் அது. சோளம் அடிக்கிற மெஷின் களத்தில் நின்றது. அதன் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஆடியது. டிரெய்லரில் ஒரு பலகை எப்போதும் கிடக்கும். நல்ல கனமான பலகை. அதை எடுத்து மெஷின் சக்கரத்துக்கு அடியில் நான்தான் சொருகினேன். ஆட்டம் நின்றது. அந்தப் பலகை எதற்காக டிரெய்லரில் கிடக்கிறது என்று எங்கள் பக்கம் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். கரிசலில் பலகை இல்லாமல் ஜாக்கி வைக்க மாட்டார்கள்.

நாற்பது மூட்டை ஏற்றிக் கயிறு போட்டுக் கிளம்பினோம். தார் ரோட்டில் வியாபாரியின் லாரி நின்றது. இரண்டு புஞ்சை தாண்டியிருப்போம், டிரெய்லரின் வலதுபக்க டயர் காற்று இறங்கி உட்கார்ந்துவிட்டது. தம்பி குதித்து இறங்கினான். மாற்று டயர் இருந்தது, ஜாக்கி இருந்தது.

"அண்ணே, பலகைய எங்க?"

"மெஷினுக்கு அடியில கெடக்கு."

"போயி எடுத்துட்டு வாயேன்."

"ஏலே, இந்த வெயில்ல எவன் நடப்பான்? லாரிக்காரன் ஆரன் அடிச்சே கொல்லுதான். மண்ணு கல்லு மாதிரி கெடக்கு. வையி."

"மூட்டையவாவது எறக்குவமா?"

"நாப்பதையும் எறக்கி நாப்பதையும் ஏத்தவா? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அவன் சந்தேகமாகத் தரையைப் பார்த்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிங்காலால் ஓங்கி மிதித்துக் காட்டினேன். தொம் என்றது. "பாத்தியா" என்றேன்.

எங்கள் ஊரில் மண்ணைக் குதிங்காலால்தான் பார்ப்போம். மழை பெய்து மூன்றாம் நாள் புஞ்சையில் இறங்கிக் குதிங்காலை அழுத்துவோம். மண் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். ஒட்டாமல் குழி விழுந்தால் உழலாம். எப்போது விதைப்பது, எப்போது களை எடுப்பது, எல்லாவற்றுக்கும் குதிங்கால்தான். எனக்கு அதில் பெரிய கர்வம். என் குதிங்கால் பொய் சொன்னதில்லை என்று ஊரில் சொல்லித் திரிந்தவன் நான். உழவுக்குப் பார்க்கிற காலால் மூன்று டன் பாரத்துக்கும் பார்த்தேன். மாசியில் கரிசல் மேலே காய்ந்து ஓடு மாதிரி இருக்கும். ஓட்டுக்கு அடியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதற்கும் கீழே ஈரம். தொம் என்று கேட்டதே, அது உள்ளே பொந்து இருக்கிற சத்தம். கல்லில் மிதித்தால் அப்படிக் கேட்காது. இது எனக்குத் தெரியாதது இல்லை. அன்றைக்கு நினைக்கவில்லை.

அது பாட்டில் மாதிரி இருக்கிற எண்ணெய் ஜாக்கி. கம்பியை ஆட்ட ஆட்டத் தலை ஏறும். தம்பி அச்சுக்கு அடியில் வைத்து ஏற்றினான். வண்டி ஏறியது. சக்கரத்தைக் கழற்றினான். மாற்று டயரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டுவதற்காகத் தரையில் உட்கார்ந்தான். வலது காலை மடக்கியிருந்தான். இடது கால் அச்சுக்கு அடியில் நீண்டிருந்தது. நான் எதிரே நின்று லாரிக்காரனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஓடு உடைந்தது. ஜாக்கி நின்றபடியே மண்ணுக்குள் போனது. அச்சு அவன் தொடை மேல் உட்கார்ந்தது. "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டான். அதற்குப் பிறகு அவன் போட்ட சத்தத்தை எழுத மாட்டேன்.

களத்தில் இருந்து மெஷின்காரர்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். அரிவாளால் கயிற்றை அறுத்து மூட்டைகளைத் தள்ளினோம். நாற்பது மூட்டையையும் இறக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நினைக்கிறீர்கள்? ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட இல்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து தூக்கி அவனை இழுத்தோம்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். நான் போய் ஜாக்கியைக் குழியில் இருந்து பிடுங்கினேன். கழுத்துவரை மண். துண்டால் துடைத்தேன். டிராக்டரின் சாமான் பெட்டியில் போட்டேன். குழியைக் காலால் தள்ளி மூடினேன். ஏன் செய்தாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. பயம். வேறு ஒன்றும் இல்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவன் மச்சான், அதாவது டிராக்டர்காரர், பைக்கில் வந்து சேர்ந்தார். "என்ன மாப்ள, எப்பிடி ஆச்சு?" என்று அவன் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார். தம்பி கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தான். பிறகு அவரிடம் சொன்னான்.

"ஜாக்கி சரியில்ல மச்சான். ஆயில் நிக்கல. தானா எறங்கிருச்சு."

நான் வாயைத் திறக்கவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவன் இடது காலை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் பேசியது. ஜாக்கியைக் கண்ணால் பார்க்காதவன் எல்லாம் ஜாக்கியைப் பற்றிப் பேசினான். சீல் போயிருக்கும் என்றான் ஒருவன். பழைய இரும்புக் கடையில் வாங்கியது என்றான் இன்னொருவன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி மனைவி தன் அண்ணனை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டாள்.

"டிராக்டர் வாங்கத் தெரியுது, வீடு கட்டத் தெரியுது. ஒரு நல்ல ஜாக்கி வாங்கத் தெரியல, என்னண்ணே? ஓட்டுதவன் தங்கச்சி மாப்பிள்ளைதான, போனா போகட்டும்னு நெனச்சிட்டியோ?"

"இல்லம்மா, புதுசும்மா அது. போன வருசந்தான் வாங்கினேன்."

"இனிமே எங்க வாசல மிதிக்காத."

அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. ஜாக்கியைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் கொடுத்து, லோடு வண்டி ஒன்றை அதன் மேல் இரண்டு நாள் நிறுத்திவைத்துப் பார்த்தார். ஒரு நூல் இறங்கவில்லை. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். தங்கை கதவைத் திறக்கவில்லை. தெருவில் நின்ற என்னிடம் போனை நீட்டி, "நீங்களே பாருங்க மச்சான், நீங்க அங்கனதான நின்னிய" என்றார். நான் பார்த்தேன். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் போய்விட்டார். நான் என் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

இரண்டு வருடம் அப்படியே போனது. தம்பி கட்டைக்கால் ஊன்றி வாசல்வரை நடக்கப் பழகினான். அவன் மனைவி புதியம்புத்தூர் கம்பெனிகளுக்கு வீட்டிலேயே உடுப்பு தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். நடுவில் அவளுடைய அம்மா இறந்துபோனாள். துக்கத்துக்குப் போனாள், அழுதாள். பாடை எடுத்ததும் அண்ணன் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தாள். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் நான்தான் இருந்தேன்.

போன கோடையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டைத் தூக்கினார்கள். கரிசலில் கட்டின வீடு, சுவர் கைநுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. நூற்றுக்கணக்கில் ஜாக்கி இறக்கினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. தம்பி மனைவியும் தன் இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி ஒரு ஜாக்கியையும் தரையில் வைக்கவில்லை. முதலில் தோண்டினான், கான்கிரீட் போட்டான், அதன் மேல் இரும்புத் தகடு, அதன் மேல் ஜாக்கி.

"எதுக்குண்ணாச்சி இம்புட்டு வேல?" என்று அவள் கேட்டாள்.

"கரிசமண்ணுல்லாம்மா. சும்மா வச்சா ஜாக்கிய முழுங்கிட்டு ஏப்பம் விடும்" என்று சொல்லிச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிற அவள் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். உள்ளே நுழைந்ததும் என்னைக் கேட்டாள். "அத்தான், அன்னைக்கு நீங்க அடியில பலகை போட்டியளா?"

"போட்டோம்மா" என்றேன்.

அதுவரைக்கும் என் வாய் சும்மா இருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பொய் சொன்னேன். அவள் "ம்" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். என்னை நம்பினாள். கேட்ட கேள்விக்காக அவளே வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

பிறகு பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தார்கள். கழுகுமலை தாண்டி எங்கள் குலசாமி கோயில். முடி இறக்கிக் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் இல்லாத பிள்ளைக்குத்தான் வேறு ஆள் பார்ப்பார்கள். தம்பி மனைவி தன் சித்தப்பா மகன் ஒருவனை, திருப்பூரில் வேலை பார்க்கிறவனை, போன் போட்டு வரச் சொன்னாள். அவன் இழுத்தான்.

"அக்கா, கூடப் பொறந்த அண்ணன் நாலு கிலோமீட்டர்ல இருக்காவ. நான் வந்து மடியில வச்சா நாளைக்கி என்னத்தான காறித் துப்புவாவ."

"எனக்கு அண்ணன் இல்லன்னு நெனச்சுக்கிட்டு வா" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தாள். நான் அவர்கள் வீட்டு வாசல் படியில் இருந்தேன். தம்பி உள்ளே கட்டிலில் கிடந்தான். அவனுக்கும் கேட்டது. அவன் இருமக்கூட இல்லை.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன். ஆனால் அந்தத் திருப்பூர்க்காரன் மடியில் பிள்ளை உட்கார்ந்து அழுவதை நான் நின்று பார்க்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. இதற்குமேல் என்னால் முடியாது என்று தெரிந்தது. தம்பி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பலகை போடலம்மா" என்றேன். "மெஷினுக்கு அடியில கெடந்துச்சு. எடுத்துட்டு வரச் சொன்னான், நாந்தான் வேண்டாம்னேன். மூட்டைய எறக்கவும் விடல. ஜாக்கி நல்ல ஜாக்கி. மண்ணுக்குள்ள போயிருச்சு. மண்ணத் தொடச்சு வச்சதும் நாந்தான்."

மெஷின் மிதிப்பதை நிறுத்தினாள். துணி ஊசிக்கு அடியில் பாதியில் நின்றது.

"எங்கம்மா பாடை முன்னால எங்கண்ணன் என் கையப் பிடிக்க வந்தாவ. நான் உதறுனேன். நீங்க பாத்துக்கிட்டுதான நின்னிய?"

"ஆமாம்மா."

"எந்திரிங்க அத்தான்."

எழுந்து வந்துவிட்டேன். மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் தம்பி போன் செய்தான். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு போன்.

"உன்ட்ட எவன் கேட்டான்?"

"அவ பொறந்த வீடு போயிருச்சுல்லாடே. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

"கால் என் கால். அது எப்பிடிப் போச்சுன்னு நான் என்னமும் சொல்லிட்டுப் போறேன். உன்னக் காப்பாத்தத்தான் சொன்னேன்னு நெனச்சியோ? மயிரு. கூடப் பொறந்தவன் சோம்பேறித்தனத்துல கால் போச்சுன்னு ஊர் என்னப் பாத்து உச்சுக் கொட்டக் கூடாதுன்னு சொன்னேன். ஒரு இரும்பு மேல போட்டுட்டு நிம்மதியாக் கெடந்தேன். அவ அண்ணன்ட்ட சொன்னது ஊர் பூராப் பரவி, இப்ப டீக்கடையில அத்தன பயலும் என்னப் பாக்கான்."

"தப்புதான்டே."

"எது தப்பு? அன்னைக்குச் செஞ்சதா, இன்னைக்குச் சொன்னதா?"

வைத்துவிட்டான். சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். சொல்லியதால் மனம் லேசானது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஒன்றும் லேசாகவில்லை. இரண்டு வருடம் கழித்துச் சொன்ன உண்மைக்கு யாரும் மாலை போட மாட்டார்கள், போடவும் கூடாது.

காதுகுத்துக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனேன். மாமன் வேட்டி சட்டையோடு வந்து உட்கார்ந்தார். பின்னால் ஏழு தட்டு சீர். பிள்ளை அந்த முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. மடியில் வைத்ததும் வீரிட்டு அழுதது, ஊசி வருவதற்கு முன்னாலேயே. அவர் அதைத் தேற்றத் தெரியாமல் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். தம்பி மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள்.

கை கழுவுகிற இடத்தில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போட்டோவக் காட்டுனனே மச்சான்" என்றார். "உங்கட்டதான காட்டுனேன்."

அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பந்தியில் உட்கார்ந்தேன். தம்பி மனைவி வரிசையாகச் சோறு வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு முந்தின இலைவரை வந்து, வாளியை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் சாப்பிட்டேன். பாதியில் எழுந்தால் கோபித்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். கோபப்பட எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

திரும்பும்போது வேன் படி உயரமாக இருந்தது. தம்பி கட்டைக்காலோடு அதன் முன்னால் நின்றான். எங்கே போனாலும் வண்டியில் ஏற அவனுக்கு நான்தான் கை கொடுப்பேன், பழக்கத்தில் அன்றும் போய்க் கையை நீட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான். பிறகு திரும்பி, சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மச்சானைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டான். அவர் வந்து தூக்கிவிடும்வரை வெயிலில் அப்படியே நின்றான்.